மோதிரம் போடாதது

தங்கக் காகிதம் சுற்றியது தொண்ணூறு.
சுற்றாதது நாற்பது.
"இலை?"
"ஒரே இலைதான். சுத்துற கையும் ஒண்ணுதான்"
என்றார் சவரிராயலு,
ரங்கப்பிள்ளை வீதியில்
பாதி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே.

ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே உருட்டினேன்.
சரசரத்தால் காய்ந்த சரக்கு.
அமுக்கினால் அப்படியே அமுங்கிவிட்டால்
உள்ளே வெறும் தூள்.
இது சத்தம் போடவில்லை,
அழுத்திய விரலை
மெதுவாகத் திருப்பித் தந்தது.
மேலிலை நரம்புதான் கொஞ்சம் கோணல்.
அதைக் காட்டி
முப்பத்தைந்து என்றேன்.

மழை நாள். ஈ காக்கை இல்லை கடையில்.
பத்தாக எடுத்தால் சரி என்றவர்
தாளில் மடிக்கும்போது
தங்க மோதிரம் ஒன்றையும் உள்ளே போட்டார்.
"விருந்தாளி வந்தா மாட்டிவிடுங்க."

வந்தார், அக்கா வீட்டுக்காரர் எதுவார்.
பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்,
மூக்கில் மூன்று நாட்டுப் புகையிலை.
மொட்டைமாடியில் பற்றவைத்தார்.
சாம்பல் இரண்டு விரற்கடை
உதிராமல் நின்றது.
என்ன விலை?
தொண்ணூறு, என்றேன்.
வேறொன்றும் கேட்கவில்லை.

பாதி எரிந்ததும்
கிழியாமல் மோதிரத்தை உருவி
என் சட்டைப்பையில் போட்டார்.
"பத்திரம் மாப்ள.
இன்னும் ஒன்பது இருக்கே."