முப்பத்தொன்று, நாற்பத்திரண்டு

எனக்கு வேலை நிற்பது.
வினிபெக்கில் ஓர் ஓவியக்கூடத்தின் மூன்றாம் மாடி,
ஒரு மஞ்சள் படத்துக்கும் ஒரு நீலப் படத்துக்கும் நடுவே,
யாரும் தொட்டுவிடாதபடி,
நாளுக்கு ஏழரை மணி நேரம்.

கூட நிற்கும் ஹலீனாதான் ஒரு நாள்
என் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் கவிழ்த்துப் பார்த்தாள்.
வலது குதியின் வெளியோரம் தேய்ந்தே போயிருந்தது.
இடது, கடையில் இருந்தபடி.
"நீ நிற்கவில்லை" என்றாள்,
"பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாய்."

இந்த நாட்டுக்கு வரவேண்டும் என்று
ஒற்றைக் காலில் நின்றவள் நான்.
அந்தக் கால் வலது என்று
அன்றுதான் தெரிந்தது.

சாப்பாட்டு இடைவேளையில், கோட்டுகள் தொங்கும் அறையில்,
அவள் கண்மூடி இருபது நிமிடம் நிற்பாள். நானும் நின்றேன்.
பாதங்கள் தோளகலம். விரல்கள் நேர் முன்னே.
முழங்காலைப் பூட்டாதே.
குதி ஒன்று, பெருவிரல் மேடு ஒன்று, சின்னவிரல் மேடு ஒன்று:
ஒவ்வொரு பாதமும் ஒரு முக்காலி.
ஆறு கால் இருந்தும்
ஒரு குதியின் ஓரத்தில்
நாற்பத்தாறு வயதை ஏற்றி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை, தள்ளுபடியில்,
நிறை பார்க்கும் தராசு ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன்.
"வீட்டில் இரண்டு பேரா?" என்றான் கல்லாப் பையன்.
"இரண்டு கால்" என்றேன்.

பேஸ்மென்டில், ஹீட்டர் உறுமும் மூலையில்,
வெளியே மைனஸ் முப்பத்துமூன்று,
காலுக்கு ஒன்றாக ஏறினேன்.
குனிந்தால் எண் மாறுகிறது.
நிமிர்ந்தால் எண் தெரியவில்லை.
பார்க்காதபோதுதான் நேராக நிற்கிறேன்,
நேரா என்று தெரியப்
பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே அவரைக் கூப்பிட்டேன்.

தவனேசனுக்குப் பாண் ஆலையில் இரவு வேலை.
நவம்பரில் தம்பிக்கு அனுப்பிய காசைப் பற்றி நாங்கள் கத்தியபிறகு
பால் முடிந்தது, சாவி எங்கே,
அவ்வளவுதான் வீட்டில் தமிழ்.
டெலிபோன் வெளிச்சத்தோடு என் காலடியில் குந்தினார்.
"முப்பத்தொன்று. நாற்பத்திரண்டு."
இடுப்பைத் தளர்த்தினேன்.
"முப்பத்துமூன்று. நாற்பது."
அந்த மாதம் நாங்கள் பேசிய
மிக நீளமான பேச்சு.

பிறகு தினமும், அவர் வேலைக்குக் கிளம்புமுன்.
ஒருமுறை காசு நினைவுக்கு வந்துவிட்டது.
"இருபத்தொன்பது. நாற்பத்துநான்கு," நிமிர்ந்து பார்த்தார்,
"என்ன யோசிச்சனீர்?"
ஒன்றுமில்லை என்றேன்.
தராசு மட்டும் அசைந்தது.

ஓவியக்கூடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை
என்னைச் சுற்றிவந்து ஆசிரியையைக் கேட்டது,
இது உண்மையான ஆளா என்று.
நான் கண்ணிமைத்தேன். அலறி ஓடியது.
அன்று மாலை பஸ் நிறுத்தத்தில், கண்ணாடிப் பனியில்,
எல்லாரும் இரண்டு காலையும் நம்பி நின்றிருந்தார்கள்.
என்னைப் போல.

மார்ச்சில் ஒரு விடியற்காலை.
வேலையால் வந்தவர், கோட்டுக்கூடக் கழற்றவில்லை,
காது மடலில் மா.
குந்தினார். ஒரு கணம் பேசவில்லை.
"முப்பத்தாறரை. முப்பத்தாறரை. சரிசமம்."

பொய்.
என் வலது குதிக்குத் தெரிந்தது.
இடது பெருவிரல் மேட்டுக்கும் தெரிந்தது;
அது இன்னும் கதிரை நுனியில்
விருந்தாளி போல இருந்தது.
தராசைக் கேளாமல்
என் பாதம் சொன்ன முதல் செய்தி.

நான் அதைச் சொல்லவில்லை. இறங்கினேன்.
"நீங்கள் ஏறுங்கோ."

ஓட்டைக் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்க்க
ஏறி நின்றார். நான் குந்தினேன்.
எண்கள் நடுங்கி நடுங்கி அமர்ந்தன:
இடது நாற்பத்தொன்று, வலது முப்பத்தொன்று.
மனதுக்குள் கூட்டினேன். எழுபத்திரண்டு.
அக்டோபரில் டாக்டர் எழுதிய தாளில்
எழுபத்தெட்டு.

"எவ்வளவு?" என்றார் மேலிருந்து.
வெளிச்சத்தை அணைத்தேன்.

"முழங்காலைப் பூட்டாதேங்கோ."