இரண்டரைக் கோடி

தபாலில் வந்தது, பனிக்கட்டிப் பொதியோடு ஒரு பை.
ஐந்து கோடி நூற்புழுக்கள் என்று வெளியே அச்சடித்திருந்தது.
தபால்காரி எண்ணிப் பார்த்துத் தரவில்லை.

ஃபிரிட்ஜில் தோசை மாவுக்கும் தயிருக்கும் நடுவே வைத்தேன்.
"உதென்ன, கடலை மாவோ?" என்றார் நவரூபன்.
கிட்டத்தட்ட இரண்டு ஆஸ்திரேலியாவின் சனத்தொகை என்றேன்.
கதவை மெல்லச் சாத்தினார்.

போன ஜனவரி, ஷெப்பர்டன் வெயிலில்
எங்கள் பீச் பழத்தைப் பிளந்தேன்.
வெளியே பழுதில்லை, ஊசி குத்தியது போல ஒரு புள்ளி.
உள்ளே கொட்டையைச் சுற்றிச் சாறு இல்லை,
அசைவு.
மரத்தில் நானூறு பழம். வாய்க்கு எட்டியவை பதினொன்று.
மிச்சத்தைக் கறுப்புப் பைகளில் கட்டி
வெயிலில் வேகவைத்தேன்.

பழத்திலிருந்து விழும் புழு மண்ணுக்குள் இறங்கும்.
அங்கே கூடாகி, இறகு முளைத்துத் திரும்பி வரும்.
அந்த இடைவழியில், விரல் ஆழத்தில்
இவை காத்திருக்க வேண்டும்.
வாயாலோ பின்னாலோ நுழைந்து
வயிற்றில் சுமந்துவந்த கிருமியை அவிழ்த்துவிட்டால்
பிறகு இரண்டு நாள்.
இதைப் படித்த இரவு நூடுல்ஸ் வேண்டாம் என்றேன்.

நூல் என்று பெயர்.
கட்டவும் உதவாது, படிக்கவும் உதவாது.
வாளியில் கரைத்ததும் தண்ணீர் கொஞ்சம் கலங்கியது.
அவ்வளவுதான் ஐந்து கோடியும்.

வெயில் பட்டால் செத்துவிடும்.
பொழுது சாய்ந்தபின் குழாயால் மண்ணைக் குளிர்த்தி
பூவாளியைச் சாய்த்தேன்.

பாதி ஊற்றியபோதுதான் தோன்றியது:
வேலிக்கு அப்பால் பெகிரின் ஆப்ரிகாட்.
அவர் முதியோர் இல்லம் போய் ஒரு வருடம்.
மகன் பெர்த்தில். 'விற்பனைக்கு' பலகை முற்றத்தில் சரிந்து கிடக்கிறது.
பழம் பழுக்கிறது, விழுகிறது, பொறுக்க ஆளில்லை.
ஈக்கு வேலி தெரியாது,
நில அளவையாளர் நட்ட கல்லும் தெரியாது.
இவையோ ஊற்றிய இடத்திலிருந்து
ஒரு சாண் போனாலே பெரும் பயணம்.

வேலியில் ஒரு பலகை கழன்றிருந்தது.
நாற்பத்தொன்பது வயதில், கையில் பூவாளியோடு,
அடுத்தவர் வளவுக்குள் புகுந்தேன்.
திருடப் போகிறவள் வெறுங்கையோடு போவாள்,
நிறைந்த கையோடு திரும்புவாள்.
எனக்கு மாறிப்போயிருந்தது.

கிளைக்கவட்டில் அவருடைய கத்தரிக்கோல்
வைத்த இடத்திலேயே துருவேறித் தொங்கியது.
இரண்டரைக் கோடியை அவர் மண்ணில் விட்டேன்.
இருந்திருந்தால் விலை கேட்பார்,
ஏமாந்துபோனாய் என்று தலையாட்டுவார்,
ஒரு தட்டுப் பழம் தந்துவிடுவார்.

காலையில் மண் மண்ணாகவே இருந்தது.
பிணம் இல்லை, சத்தம் இல்லை.
பொறியில் முந்தின கிழமை பதினேழு ஈ,
இந்தக் கிழமை பதினான்கு.
மூன்று குறைந்தது மழையாலும் இருக்கலாம்.

காலிப் பையைக் கழுவி நவரூபன்
கறிவேப்பிலை போட்டு வைத்திருக்கிறார்.
நான் மாலையில் குழாயை
வேலிக்கு மேலால் உயர்த்திப் பிடிக்கிறேன்.
அந்தப் பக்கமும் ஈரம் காயக் கூடாது.