பின்பக்கம்

மே கடைசியில் வந்துவிடும் ஆர்டர்.
கழுத்துப்பட்டை மூவாயிரம்,
கைக்கொடி ஆயிரத்து இருநூறு,
லிஃப்ட் கதவில் ஒட்டும் படம் பதினாறு.
ஆறு நிறம். ஆறும் பிசகாமல் வரவேண்டும்.
கம்பெனிப் பெயர் மட்டும் கொஞ்சம் பெரிதாக.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் மெஷின்
இரண்டு ராத்திரி அணையவில்லை.
ஊதா மை தீர்ந்துபோய்
சிக்பேட்டைக்கு மழையில் ஸ்கூட்டர் விட்டேன்.
முதலாளி கேட்டார்:
"என்ன பண்டிகைடா இது, வருஷா வருஷம் வருது?"
தெரியலைங்க, என்றேன்.
நகக்கண்ணில் ஏறிய ஊதா
ஜூலை பாதிவரை போகவில்லை.

பெல்லந்தூரில் இறக்கினோம்.
கண்ணாடி வாசல் முழுக்க
நான் அடித்த எழுத்து, இங்கிலீஷில்:
நீ நீயாகவே உள்ளே வா.
செக்யூரிட்டி என் ஆதாரைப் பார்த்தான்,
என் காதுக் கம்மலைப் பார்த்தான்,
சரக்கு லிஃப்ட் பின்னாடி, என்றான்.
நான் நானாகவே
அட்டைப்பெட்டிகளோடு மேலே போனேன்.

ரெஜினா அங்கேதான் வேலை பார்க்கிறாள்.
வரவேற்பு மேசை, இஸ்திரி போட்ட சட்டை.
ஜூனில் அவளுக்கு மேடையும் உண்டு.
ஒரே கதையை ஐந்து மாடியில் ஐந்து தடவை.
அப்பா பெல்ட்டை உருவிய இடத்தில்
சபை மூச்சைப் பிடிக்கிறதாம்.
அங்கேயே நிறுத்தப் பழகிவிட்டாள்.
அதே அப்பா போன தீபாவளிக்கு
பஸ் ஏறி வந்து, வாசலிலேயே நின்று,
"நல்லா இருக்கியா ரெஜினா" என்று
அந்தப் பெயரைச் சொன்னது
கதையில் வராது. யாரும் கேட்கவும் இல்லை.

சம்பளம் ஏஜென்சி கொடுக்கும்.
ஏழாம் தேதி. சில மாதம் பதினேழு.
ஆனாலும் திட்டவிட மாட்டாள்.
"பயமில்லாம மூத்திரம் போக
தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு இருக்குடா எனக்கு.
நீ பேசுற போராட்டத்துல இருக்கா அது?"
எனக்குப் பதில் வரவில்லை.
இப்போதும் இல்லை.

ஜூலை ஒன்று, விடியலில்
ஹவுஸ்கீப்பிங் பிள்ளைகள் பிளேடால் சுரண்டினார்கள்.
பச்சை கடைசிவரை வரவில்லையாம்.

எங்கள் பேரணி நவம்பரில்தான்.
முன்பு ஹமாமில் துண்டு விரித்துக் காசு சேர்ப்போம்.
நூறு பேர் வருவோம், பாதிப் பேர் முகமூடியோடு,
திரும்பும்போது பாதி முகமூடி ரோட்டில் கிடக்கும்.
இந்த வருஷம் ஸ்பான்சர்.
மைக், தண்ணீர், ஆம்புலன்ஸ் அவர்கள் செலவு.
கூடவே ஒரு தாள்:
போலீஸைப் பற்றிய கோஷம் வேண்டாம்.
ஹமாம் அக்காமார் முதல் வரிசையில் வேண்டாம்.
வேண்டாம் என்று எழுதவில்லை,
'இரண்டாம் பகுதியில் சிறப்பிடம்' என்று எழுதியிருந்தது.

ராத்திரி இரண்டு மணிவரை சண்டை.
காசில்லாமல் எப்படி, என்றது ஒரு பக்கம்.
காசோடு எப்படி, என்றது இன்னொன்று.
பத்து வருஷம் தண்ணீர் கேன் சுமந்த பாலய்யா
சத்தமே போடாமல் செருப்பைத் தேடினான்,
இருட்டில் வேறு யாருடையதையோ மாட்டிக்கொண்டு போனான்.
அந்தச் செருப்புக்காரி இன்னும் அவனைத் தேடுகிறாள்.

ஜூனில் நாற்பது மீட்டர் துணி ரிஜெக்ட் ஆனது.
கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போச்சு.
மெஷின் துடைக்க வைச்சுக்கோ, என்றார் முதலாளி.
கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன்.

அதன் பின்பக்கத்தில்தான் எழுதினோம்,
கன்னடத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி,
கார் பெயின்ட்டால்:
வாடகைக்கு வீடு கொடு.
முதல் வரிசையை ஹமாம் அக்காமாரே பிடித்தார்கள்.
ஸ்பான்சர் லாரி நூறடி பின்னால்
வேறு பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது.

டவுன்ஹால் பக்கம் திரும்பியபோது
வெயில் நேராகத் துணியில் விழுந்தது.
எங்கள் எழுத்துக்கு உள்ளே
அவர்கள் பெயர் தெரிந்தது,
இடவலம் மாறி, ஒரு எழுத்துக் குறைந்து.
லீவு போட்டு வந்த ரெஜினா
மூலையைப் பிடித்தபடி கத்தினாள்:
"திருப்பிப் பிடிடா!"
எந்தப் பக்கம், என்றேன்.

அவளும் யோசித்தாள்.
பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது.

அன்றைக்கு வியர்வையும் தூறலும் பட்டும்
ஒரு நிறம்கூடக் கரையவில்லை.
நல்ல மை.
நான் அடித்தது.