சட்டையின் நிறம்

ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவே
படிக்கட்டு திரும்பும் இடத்தில்
உட்கார்ந்திருந்தான் என் தம்பி குணாளன்.
லிஃப்ட் பழுதான செவ்வாய்க்கிழமை.
என் கையில் நாசி லெமாக் பொட்டலம் இரண்டு,
சூடு விரலுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் யாரோ பூட்டி வைத்த குழந்தை சைக்கிள்,
லிம் வீட்டு மிளகாய்த் தொட்டி,
நான்காய் மடித்த ஒரு கடிதம்.
பதினோரு வருஷம் உட்லண்ட்ஸ் தொழிற்சாலையில்
சில்லுகளைக் கண்ணாடி வழியே பார்த்தவன்
முழங்காலில் முகம் புதைத்திருந்தான்.

. . . . . . . .

அவன் தோளைத் தொடுவதற்கு முன்
எனக்கு ஒரு வரி வந்துவிட்டது.
மறைக்கப்போவதில்லை, வந்தது.
உலைமூடி ஆடுகிற மாதிரி
உள்ளே தடதடவென்று.

அன்றிரவே எழுதி முடித்தேன்:
நீலச் சட்டைக்குள் ஒரு கடல் குலுங்கிற்று.

நூலகத்தின் ஐந்தாம் தளத்தில் வாசித்தேன்.
ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு
"அந்தக் கடல்!" என்றார்.
கடலை நானே வெட்டியதுபோல்
தலையாட்டினேன்.

தம்பி அதை ரயிலில் படித்தானாம்.
காதிப்புக்கும் இயோ சூ காங்குக்கும் இடையே
நிலையமே வராத அந்த நீண்ட ஓட்டத்தில்,
சன்னலில் மரமும் மரமும் மரமுமாய்,
இறங்க வழியில்லாமல்.

இரவு செருப்பைக் கழற்றியபடி சொன்னான்:
"சட்டை நீலமில்லக்கா. சாம்பல்."
பிறகு குளிர்பெட்டியைத் திறந்து
எதையும் எடுக்காமல்
வெகுநேரம் நின்றான்.

நான் வாங்கிக் கொடுத்த சட்டை அது.
தேக்கா மாடிக்கடையில், இரண்டு வெள்ளி குறைத்து.
கடல் வந்ததால் நீலம் வந்தது.
நீலம் வந்ததும்
என் தம்பி வெளியே போய்விட்டான்,
நான் கவனிக்கவில்லை.
இத்தனைக்கும் செம்பவாங் கரையில் போய்ப் பார்த்தால்
கடலே சாம்பல்தான்.

மன்னிப்புக் கேட்க வாக்கியங்கள் தயாரித்தேன்.
எல்லாமே அழகாக இருந்தன.
அதனால் ஒன்றையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவனோடு தூண்டில் போடப் போனேன்.
நோட்டு, பேனா, கைப்பேசி எல்லாம் வீட்டில்.
காயா ரொட்டி ஈரக்காற்றில் நமுத்துப்போக
அவன் பழைய வேலையைப் பற்றிப் பேசினான்:
"ஒரு தூசி விழுந்தாப் போதும்கா,
முழுத் தட்டையும் தூக்கி எறியணும்."
அதை நான் எதற்கும் உவமையாக்கவில்லை.
தூசி, தூசியாகவே கிடந்தது.
மீன் ஒன்றும் மாட்டவில்லை.
எதிர்க்கரையில் ஜொகூர் விளக்குகள் எரியத் தொடங்கியபோது
அவனாகவே சிரித்தான்,
எதற்கென்று இன்னும் எனக்குத் தெரியாது.
கேட்கவும் இல்லை.

இந்தக் கவிதையை முதலில் அவனிடம்தான் கொடுத்தேன்.
ஈசூன் உணவங்காடியில்
தே ஓ ஆறிப்போகும்வரை படித்தான்.
படிக்கட்டில் அவன் சொன்ன ஒரு சொல்
மேலே இருந்தது.
"இது வேணாம்" என்று
பால்பாயிண்ட் பேனாவால் அடித்தான்.
இருந்ததிலேயே நல்ல வரி.
புள்ளிகள் அதன் இடம்.

அப்புறம் முதல் பத்திக்குப் போய்
"நூடுல்ஸ்" என்று நான் எழுதியிருந்ததையும் அடித்துவிட்டு,
பள்ளிக்கூடத்தில் கடைசியாய்த் தமிழ் எழுதிய கையால்
கோணல்மாணலாய் ஏதோ எழுதினான்.

நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்,
நாசி லெமாக்.