முதுகு

"எல்லாரும் நிறுத்தியாச்சா?"
லவோன் இரண்டு தரம் கேட்டாள்.
ஐந்து துப்பாக்கிகளும் மேசையில்
வாய் திறந்து, காலியாகக் கிடந்தன.

அரைமணி முன்பு பார்த்த ஆட்களிடம்
முதுகை ஒப்படைத்துவிட்டு
பனியில் நடந்தேன், நூறு கஜம்,
கையில் புது அட்டையும் ஸ்டேப்ளரும்.

பாதி வழியில்
பின்னால் ஒரு 'டக்'.
வயோமிங் குளிர் மொத்தமும்
தோள்களுக்கு நடுவே வந்து நின்றது.

டெல்மரின் ஃபிளாஸ்க் மூடி.
அவ்வளவுதான்.
ஆனால் திரும்பிய என் முகத்தைப் பார்த்தவர்
காபியை வைத்துவிட்டு
மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய்
இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி நின்றார்,
நான் அட்டையை அடித்துத் திரும்பும்வரை.

காபி ஆறியிருக்கும்.
கேட்கவில்லை.
குனிந்து தோட்டா உறைகளைப் பொறுக்கினார்,
என்னுடையதையும் சேர்த்து.

என் பழைய அட்டையில் நடுவட்டம்
அப்படியே முழுசாக இருந்தது.
அதைப் பற்றி
யாரும் பேசவில்லை.