எடை பார்க்கும் நேரம்

செவ்வாய், வியாழன், சனி.
யங்ஸ்டவுனில் பனி இன்னும் கருநீலமாய்க் கிடக்கும்
காலை ஐந்தே முக்காலுக்கு
ஒவ்வொருவராய் ஏற்றி நிறுத்தி எடை பார்ப்பது என் வேலை.
ஹ்ரபாக் நூற்றியிரண்டு கிலோ.
டெல்மர் தொண்ணூற்றொன்பது.
இரண்டு நாள் குடித்த தண்ணீர்,
மனைவிக்குத் தெரியாமல் தின்ற உப்பு வெள்ளரி,
எதையும் அந்த எந்திரத்திடம் மறைக்க முடியாது.
"ரெண்டு பேருமே ஹெவிவெயிட்" என்பேன்.
அவ்வளவுதான். மணி அடித்தாயிற்று.

ஊசி இறங்கும்போதே ஹ்ரபாக் ஆரம்பிப்பார்:
"ஓரின் டாக்கெட் அவனை நாலாவது ரவுண்டில் சாய்த்திருப்பான்."
டாக்கெட்டை அவர் பார்த்ததில்லை.
அவர் அப்பா ரேடியோவில் கேட்டார்,
அப்பா சொல்ல இவர் கேட்டார்.
மூன்று வாய் கடந்தும் அந்தக் குத்தின் வேகம் குறையவில்லை.

டெல்மர் கண்ணைத் திறக்காமல் சிரிப்பார்.
லூசியஸ் பிராம்லெட்டை அவர் நேரில் பார்த்தவர்.
நேரில் என்றால், தியேட்டர் திரையில்,
வாரக் கூலியில் பாதியைக் கொடுத்து.
"உன் ஆள் எண்பத்து நாலு கிலோ.
இன்றைக்கு அவனை அந்தப் பிரிவிலேயே சேர்க்க மாட்டான்."

"முப்பத்து நாலில் யார் வீட்டில் இறைச்சி இருந்தது?
தின்னக் கொடுத்துப் பார்."

"சரி, கொடுத்தேன். இப்போது எந்த டாக்கெட்டை இறக்குகிறாய்?
பசித்தவனையா, தின்றவனையா?"

ஹ்ரபாக் நெடுநேரம் குழாயைப் பார்த்தார்.
தன் ரத்தம் போய்த் தன் ரத்தம் வருவதை.
"பசித்தவனைத்தான்" என்றார்.
"தின்றவன் வேற ஆளு."

கையுறைக்குள் குதிரைமுடியா, நுரையா.
பதினைந்து ரவுண்டா, பன்னிரண்டா.
நடுவர் எந்தக் காலத்து ஆள்.
ஊசி குத்திய கை அசையக் கூடாது என்பது என் சட்டம்,
ஆகவே டாக்கெட்டின் பேர்பெற்ற இடக்கைக் குத்தை
ஹ்ரபாக் வலக்கையால் போட்டுக் காட்டுவார்,
"கண்ணாடியில் பார்ப்பதாக நினைச்சுக்கோ."
எந்திரம் அலறும். நான் ஓடுவேன்.
பதினோரு மாதமாய் இப்படி.

இந்த வியாழன்
மூன்றாம் நாற்காலி வெர்னீடா
குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்:
"அந்தச் சண்டை நடந்தது."

எண்பத்தொன்று. ஆக்ரன். கார் ஷோரூம் திறப்பு விழா.
அவள் அங்கே கணக்கெழுதினாள்.
இரண்டு பேரையும் காசு கொடுத்துக் கூட்டி வந்திருந்தார்கள்.
டாக்கெட்டுக்கு எழுபத்தொன்று, ஓவர்கோட், பொய்ப்பல்.
பிராம்லெட் கதவில் குனிந்து நுழைந்தான்.
"முஷ்டியைத் தூக்குங்க" என்றான் படக்காரன்.
கிழவரின் கை கிளம்பியது,
நெஞ்சுயரம் வந்தது, நடுங்கியது,
அதற்கு மேல் போகவில்லை.
சுற்றி நின்றவர்கள் காரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.
பிராம்லெட் முட்டியை மடக்கினான்.
தன் தாடையை எடுத்துக்கொண்டு போய்
அந்த முஷ்டிமேல் வைத்தான்,
சூடு பார்க்கிற மாதிரி.

பம்பின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

பிறகு ஹ்ரபாக், மெதுவாக:
"அப்போ கையை இறக்கிட்டான். தாடையைத் திறந்துட்டான்."

"அவன் கொடுத்தான் ஐயா!"

"கொடுத்தாலும் பட்டது பட்டதுதான்.
இதைத்தானே நான் சொல்லிக்கிட்டிருக்கேன்!"

"படம் எங்கே, படம்?" டெல்மர் கத்தினார், எந்திரமும் கத்தியது.
"வரலை" என்றாள் வெர்னீடா. "பிளாஷ் எரியலை.
ஆறெழுத்து, பறவை, முதலெழுத்து பி. யாருக்காவது தெரியுமா?"

பத்து மணிக்கு ஊசி உருவி,
பஞ்சை அழுத்திக்கொண்டே வந்து எந்திரத்தில் ஏறினார்கள்.
தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று.
தொண்ணூற்றாறு புள்ளி ஏழு.
எழுதிக்கொண்டேன்.

"படம் இல்லையென்றால் செல்லாது.
மறுபடி வைக்கணும்" என்றார் டெல்மர்,
ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டபடி.

"சனிக்கிழமை" என்றார் ஹ்ரபாக்.