இருபதாவது கல்

நாற்பத்தெட்டாம் சர்வே எண்ணில் நிலக்கடலை.
நடுவில் ஒரு மேடு, பாண்டவர் குட்டை.
சுற்றி வட்டமாகப் பத்தொன்பது குண்டுக்கல்.
இருபதாவது எங்கள் கிணற்றடியில் துணி துவைக்கிற கல்.
அதை நான் சொல்லவில்லை.

தொல்லியல் ஆபீசிலிருந்து வந்த ஸ்ரீலதா
டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்.
இறுக்கிப் பிடித்தேன். பதினொரு மீட்டர்.
எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டு
குவியலை முறைத்தாள்.
"இதில் புதுக்கல்லும் கிடக்குதே அக்கா?"

கிடக்கும்.
ஆடியில் ஏர் போனால் மண் கல்லைக் கக்கும்.
பொறுக்கிக் கூடையில் சுமந்து
அங்கேதான் கொட்டுவேன்.
எனக்கு முட்டி பிடித்துக்கொண்ட வருடம்
மல்லப்பன் கொட்டினான், முனகிக்கொண்டே.
விதை போட முடியாத இடம்
அது ஒன்றுதானே.

சிரித்தாள்.
அப்புறம் சிரிக்கவில்லை.
"இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி
செத்தவரைக் குழியில் வைத்துவிட்டு
இப்படித்தான் கூடை கூடையாகக் கொட்டியிருப்பார்கள்."
எந்தக் கல் எந்தக் கை என்று பிரித்துச் சொல்ல
அவள் பையில் கருவி எதுவும் இல்லை.

கிழக்கே இன்னும் ஐந்து மேடு இருந்தது.
கோதண்ட ரெட்டி கிரஷரில் அரைத்துவிட்டார்.
இப்போது அவை பலமநேர் ரோட்டுக்கு அடியில்.
பஸ் அந்த வளைவில் திரும்பும்போது
சீட்டுக்கடியில் காலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வேன்.
கண்டக்டருக்கு அது தெரியாது.
போன மாசியில் இந்த மேட்டுக்கும் விலை பேச வந்தார்,
லோடு கணக்கில்.
கடலைக்கு உரம் வாங்கப் பணமில்லாத மாதம் அது.
மல்லப்பன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வட்டத்துக்கு வெளியே நீலப் பலகை நட்டார்கள்.
தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுத்து.
எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
ஸ்ரீலதா படித்துக் காட்டினாள்:
கல்லை எடுத்தால் அபராதம், சிறை.
"போட்டால்?" என்றேன்.
யோசித்தாள்.
"அதுவும்தான் அக்கா. இருக்கிறபடியே இருக்கணும்."

ஜீப் போனபின் கிணற்றடியில் நின்றேன்.
சோப்பு தின்று வழவழத்த முதுகு.
இதைப் புரட்டி வந்தவர் யாரோ,
என் கல்யாணத்துக்கு முன்பே கிடந்தது.
ராத்திரி மல்லப்பனை எழுப்பினேன்.
கடப்பாரை, பழைய டயர், இரண்டு பேர் மூச்சு.
நாய்கூடக் குரைக்கவில்லை.
இடைவெளி இருந்த இடம் எங்களுக்குத் தெரியும்,
வருடா வருடம் ஏர் அதன் வழியாகத்தான் நுழையும்.

நோட்டில் பத்தொன்பது.
வெள்ளிக்கிழமை வந்து எண்ணினால் இருபது வரும்.
போட்டதற்குச் சிறை எத்தனை நாள் என்று
கேட்க மறந்துவிட்டேன்.

துணி வாளியிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது.